கையை விட்டுப் பிரிந்த பந்து

ஒரு பந்தை நேர் மேலே வீசி எறிகிறோம். அது கையை விட்டுப் பிரிந்துவிட்டது, உச்சியை இன்னும் அடையவில்லை, மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பந்தின்மீது செயல்படும் விசைகள் யாவை? மாணவ நேயர்களே, மேற்கொண்டு கேட்பதற்கு முன் உங்கள் விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களிடம் இதே கேள்வியைத்தான் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள். பந்தை மேலே தள்ளுவது கையின் விசை; கீழே இழுப்பது பூமியின் ஈர்ப்பு விசை. மேலே போகும்போது கையின் விசை பெரிது, உச்சியில் இரண்டும் சமம், அதன் பிறகு ஈர்ப்பு வென்றுவிடுகிறது என்று ஒரு சிறுவன் எழுந்து நின்று அழகாக விளக்கவும் செய்தான். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் அது தவறு.

“கை இங்கே இருக்கிறது, பந்து அங்கே இருக்கிறது. தொடாமல் கை எப்படித் தள்ளும்?” என்று கேட்டேன். வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. பிறகு அந்தச் சிறுவனே சொன்னான்: “கை கொடுத்த விசை பந்துக்குள்ளே இருக்கிறது, சார். போகப் போகத் தீர்ந்துவிடும்.”

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால், அறிவியல் வரலாற்றின் பெரும் புள்ளிகள் சிலரையும் சேர்த்தே கடிந்துகொண்டவனாவேன். இயங்கும் பொருளை ஏதேனும் ஒன்று இயக்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை. எறிந்த கல் கையை விட்ட பின்னும் போகிறதே என்று கேட்டால், சுற்றியுள்ள காற்று அதைத் தள்ளுகிறது என்பார் அவர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ் இதை ஏற்கவில்லை. எறிபவன் கல்லுக்குள்ளேயே ஏதோ ஓர் ஆற்றலைப் பதித்து விடுகிறான் என்றார். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பேராசிரியர் புரிடான் அதே கருத்தைச் செப்பனிட்டு, அந்த உள்ளாற்றல் பொருளின் கனத்தையும் வேகத்தையும் பொறுத்தது என்று வகுத்தார். நம் ஏழாம் வகுப்புச் சிறுவன் இவர்களில் எவரையும் படித்தவனல்லன். தானாகவே பாரிஸ் வரை வந்து சேர்ந்திருந்தான்.

விசையைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகும் எவரும் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது. குழந்தையின் மனம் எழுதப்படாத பலகையன்று. அங்கே முன்னரே ஒரு கொள்கை குடியிருக்கிறது. அது அனுபவத்தில் விளைந்தது. ஆகையால் எளிதில் வெளியேறாது. பாரவண்டியை மாடு இழுத்தால் வண்டி போகிறது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது. பழைய டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் சிறுவன் தட்டுவதை நிறுத்தினால் டயர் சிறிது தூரம் உருண்டு சாய்ந்துவிடுகிறது. பிறந்தது முதல் இதையே கண்ட பிள்ளை, “விசை இருந்தால் இயக்கம், விசை இல்லையேல் ஓய்வு” என்று முடிவு கட்டாமல் வேறென்ன செய்யும்?

நம் தமிழும் இதில் கொஞ்சம் குற்றவாளிதான். ‘விசையாக ஓடினான்’ என்றால் வேகமாக ஓடினான் என்று பொருள். ‘விசையை அழுத்து’ என்றால் விளக்கின் பொத்தானை அழுத்து என்று பொருள். விசைத்தறி என்பது மின்னாற்றலால் ஓடும் தறி; விசைப்படகு என்பது எஞ்சின் பூட்டிய படகு. ‘ஒரு விசை வந்துவிட்டுப் போ’ என்று பாட்டி சொன்னால், அந்த விசை வெறும் ‘தடவை’தான். வேகம், ஆற்றல், கருவி, தடவை ஆகிய இத்தனை பொருளையும் சுமந்துகொண்டு இச்சொல் பாடப்புத்தகத்துக்குள் வருகிறது. ‘பந்தில் விசை இருக்கிறது’ என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் ‘பந்து வேகமாகப் போகிறது’ என்றுதான் சொல்ல நினைக்கிறது. ஆசிரியர் இங்கே ஒரு சிறு ஒழுங்கைக் கடைப்பிடித்தால் போதும். விசை என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் சரக்கன்று. ஒரு பொருள் மற்றொன்றின்மீது செய்யும் செயல். ஆகவே விசை என்று யார் சொன்னாலும், “எதன்மீது? எது செலுத்துகிறது?” என்று இரு கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை வகுப்பில் ஏற்படுத்த வேண்டும். மேலே போகும் பந்தின்மீது, செலுத்துவது எது? பூமி. வேறு? காற்று, சிறிதளவு. வேறு? இக்கேள்விக்கு ஒரு பெயரும் அகப்படாது. அகப்படாதபோதுதான் சந்தேகம் பிறக்கும்.

சந்தேகம் பிறந்த பிறகு கேரம் பலகையைக் கொண்டு வாருங்கள். இந்தப் பாடத்துக்கு அதைவிடச் சிறந்த ஆய்வுக்கருவியை நான் கண்டதில்லை. பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது சிறிது தூரம் சென்று நிற்கும். மாவைத் தூவிவிட்டு, கூடுமானவரை அதே பலத்துடன் சுண்டினால், எதிர்ப்பக்கத்தில் மோதித் திரும்பி வரும். விரல் செய்த வேலை ஒன்றுதான். பிறகு கூடுதலான தூரத்தைக் கொடுத்தது எது? மாவு ஸ்ட்ரைக்கரைத் தள்ளியதா? இல்லை என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். மாவு தடையைக் குறைத்தது, அவ்வளவே. இன்னும் நல்ல மாவு இருந்தால்? இன்னும் தூரம். தடையே அற்ற, முடிவே அற்ற ஒரு பலகை இருந்தால்? இந்த இடத்தில் ஆசிரியர் பேசாமல் இருக்கவேண்டும். அந்த மௌனத்தில்தான் பாடம் நடக்கிறது.

கலிலியோ இதே வழியில்தான் சென்றார். சரிவான பலகையில் பள்ளம் செதுக்கி, அதில் வெண்கலக் குண்டுகளை உருட்டினார். நொடிக் கடிகாரம் இல்லாத காலம் அது. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் நீரைப் பிடித்து நிறுத்து, அந்த எடையால் நேரத்தை அளந்தார். பிறகு சிந்தனையில் ஒரு படி மேலே போனார். ஒரு சரிவில் இறங்கும் குண்டு, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைச் சற்றுப் படுக்க வைத்தால், அதே உயரத்தை எட்ட நெடுந்தூரம் போகவேண்டியிருக்கும். மேலும் படுக்க வைத்தால் மேலும் தூரம். முற்றிலும் கிடையாக்கிவிட்டால் அந்த உயரத்தை அது என்றைக்கும் எட்டப்போவதில்லை. ஆகவே, தடுப்பார் இல்லையேல், போய்க்கொண்டே இருக்கும். இந்த இயக்க ஆராய்ச்சிகளைக் கொண்ட அவருடைய நூல் 1638-இல் லெய்டன் நகரில் அச்சாகி வெளிவந்தபோது, அவர் வீட்டுக் காவலில் இருந்தார், கண்பார்வையையும் இழந்திருந்தார். 1687-இல் நியூட்டன் இதைத் தம் முதல் விதியாக வைத்தார். இயக்கம் தொடர்வதற்கு விசை வேண்டுவதில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும்.

அப்படியானால் மாடு எதற்காக இழுக்கிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கேட்கவேண்டும். வண்டி சீராகப் போகும்போது, அச்சும் சாலையும் பின்னுக்கு இழுக்கும் தடையை மாட்டின் இழுப்பு ஈடு செய்கிறது. இரண்டும் கழிந்து மிச்சம் ஏதும் இல்லை. மிச்சம் இல்லாததால் வேகம் மாறவில்லை. பாரவண்டியைக் கிளப்பும்போது மாடு படும் பாட்டையும், ஓடத் தொடங்கிய பின் அது அடையும் ஆறுதலையும் வண்டிக்காரர்கள் அறிவார்கள். தள்ளுவாரே இல்லாமல் ஓடும் வண்டியைக் காணவேண்டுமென்றால் பூமியை விட்டு வெளியே போகவேண்டும். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிச் செல்கிறது. அதை முன்னோக்கித் தள்ளும் எஞ்சின் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அங்கே செயல்படும் முக்கியமான விசை சூரியனின் ஈர்ப்புதான். அதுவும் கலத்தைப் பின்னுக்கு இழுக்கிறதே தவிர முன்னுக்குத் தள்ளவில்லை.

விண்வெளியெல்லாம் நமக்கு எதற்கு, பேருந்துக்கு வாருங்கள் என்பீர்கள். வருகிறேன். இந்த விதியை அறியாமல் இருப்பதற்கு நாம் அபராதம் செலுத்தும் இடமும் அதுவே. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். நிற்கும் பிரயாணிகள் எல்லோரும் முன்னே சாய்கிறார்கள். “ஏதோ ஒன்று என்னை முன்னால் தள்ளியது” என்று சொல்லாதவர் இல்லை. நம் இரு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பாருங்கள். எது தள்ளியது? எதுவும் தள்ளவில்லை. பேருந்து நின்றது, நீங்கள் நிற்கவில்லை. உங்கள் உடல் தன் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. ஓடும் பேருந்திலிருந்து குதிப்பவனுக்கு நேர்வதும் இதுவே. கால் தரையில் பட்டதும் நின்றுவிடுகிறது. தலையும் மார்பும் நிற்பதில்லை. பழகியவர்கள் வண்டி போகும் திசையிலேயே சில அடிகள் ஓடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காலும் உடலோடு ஓடினால் விழாமல் தப்பலாம் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து நீங்களும் குதிக்கவேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்.

இதற்குச் சிறிது கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நம் சாலைகளில் பெரிய வேகமன்று. விநாடிக்கு 11 மீட்டர். ஆனால் இந்த வேகத்தைப் பெறுவதற்கு ஒரு பொருள் 6 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியிலிருந்து, விழவேண்டும். வார் பூட்டாமல் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து சுவரில் மோதுபவர், இரண்டாம் மாடியிலிருந்து தலைகுப்புற விழுபவருக்குச் சமம். தாயின் மடியில் 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்த வேண்டிய விசை, 110 கிலோகிராம் மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் விசையைவிடக் குறைந்ததன்று. எந்தத் தாயின் அன்பும் அந்த மூட்டையைப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் ஏந்திக்கொள்ள முடியாது. பாதுகாப்பு வாரும் குழந்தைக்கான தனி இருக்கையும் சட்டத்துக்குப் பயந்து செய்யும் சடங்குகள் என்று நினைப்பவர்கள், அந்த மூட்டையை மனத்தில் ஒரு முறை தூக்கிப் பார்க்கட்டும். வேகம் இரட்டித்தால் நிற்க வேண்டிய தூரமும் இரட்டிக்கும் என்று நம்புவது மற்றொரு பிழை. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டபின் 12 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 80 கிலோமீட்டர் வேகத்தில், அதே பிரேக் பிடிப்புக்கு 48 மீட்டர் வேண்டும்.

விசை வேகத்தை மட்டுமா மாற்றுகிறது? திசையையும் மாற்றுகிறது. இங்கேயும் மனம் ஏமாறுகிறது. உடைந்து ஒரு துண்டு போன வளையலை மேசைமீது படுக்க வைத்து, சைக்கிளிலிருந்து எடுத்த ஒரு பால்ரஸ் குண்டை அதன் உட்புறமாகச் சுழல விடுங்கள். திறந்த இடத்தை அடைந்ததும் குண்டு எப்படிப் போகும்? வளைந்தே போகும் என்று பலர் கோடு வரைவார்கள். அமெரிக்காவில் மக்ளாஸ்கி என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், வளைந்த குழாயிலிருந்து வெளிப்படும் குண்டின் பாதையைக் கல்லூரி மாணவர்களை வரையச் சொன்னார்கள். அவர்களிலும் பலர் வளைத்தே வரைந்தார்கள். குண்டோ, வளையலின் சுவர் தள்ளுவதை நிறுத்திய கணமே நேர்கோட்டில் புறப்பட்டுவிடுகிறது. தினைப்புனம் காத்தவர்கள் கவண் சுழற்றிக் கல்லெறிந்தார்களே, அவர்கள் கை இதை நன்கு அறிந்திருந்தது. கவணின் ஒரு முனையை எந்தக் கணத்தில் விட்டால் கல் பறவைக் கூட்டத்தை நோக்கி நேரே போகும் என்பது தெரியாமல் கவண் எறிய முடியாது. கை அறிந்ததை மனம் அறியாதிருப்பது விந்தைதான்.

வினையும் எதிர்வினையும் பற்றி விரித்துப் பேச இன்று நேரமில்லை. பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவன் பரிசல் பின்னே நழுவுவதைக் கண்டிருப்பான். அதுவே போதுமான பாடம். பெரியவர்களும் இதில் சறுக்கியதுண்டு. வெற்றிடத்தில் ராக்கெட் உதைத்துக்கொள்ள எதுவுமில்லையே, பின் எப்படிப் போகும் என்று 1920-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ராக்கெட் அறிஞர் காடர்டை எள்ளித் தலையங்கம் எழுதியது. ராக்கெட் உதைப்பது காற்றையல்ல, தன் வயிற்றிலிருந்து வெளிப்படும் வாயுவையே என்பது அதன் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. சந்திரனை நோக்கி மனிதர் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே நாளிதழ் வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்!

நாளிதழ் ஆசிரியர் கிடக்கட்டும். இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் எப்படி? 1985-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலூன், ஹெஸ்டனஸ் ஆகிய இருவரும் தம் மாணவர்களை இவ்வகை எளிய கேள்விகளால் சோதித்து, ஒரு பருவம் முழுதும் பாடம் கேட்ட பிறகும் பழைய நம்பிக்கைகள் பெரும்பாலும் அசையாமல் இருப்பதைக் கண்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மாஸூர் இதைப் படித்துவிட்டு, தம் மாணவர்களுக்கு இந்தக் கேள்விகள் விளையாட்டாக இருக்கும் என்று எண்ணிச் சோதனை வைத்தார். ஒரு மாணவி கை தூக்கினாள். நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். மாஸூர் தாமே பல இடங்களில் சொல்லியிருக்கும் செய்தி இது. அன்று முதல் அவர் விரிவுரையைக் குறைத்து, மாணவர்களை அருகிலிருப்பவரோடு வாதிட வைக்கும் முறைக்கு மாறினார்.

அந்த மாணவியின் கேள்வியை நம் பள்ளிகளில் வாய்விட்டுக் கேட்பவர் இல்லை என்பதே எனக்குள்ள கவலை. இங்கே பிள்ளைகள் இரண்டு அலமாரிகளை வைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு ஒன்று, வாழ்வுக்கு ஒன்று. நியூட்டனின் விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவன், வீட்டுக்குப் போகும் வழியில் ஓடும் பேருந்தின் படியில் தொங்குகிறான். விதியை முதலில் கரும்பலகையில் எழுதி, பிறகு அதை மெய்ப்பிக்கச் சோதனை காட்டும் வழக்கத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. என்ன நடக்கும் என்று முன்னரே தெரிந்துவிட்டால், சோதனையைப் பார்க்கக் கண் எதற்கு? முறையைத் தலைகீழாக்குங்கள். முதலில் பிள்ளை தன் ஊகத்தை எழுதட்டும். எழுதாத ஊகம், சோதனை முடிந்ததும், “நானும் அப்படித்தான் நினைத்தேன்” என்று மாறிவிடும். பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிந்து வழக்காடட்டும். அதன் பின்னர் குண்டை உருட்டுங்கள்.

உங்களைத் தாளில் எழுதச் சொன்னதும் இதற்காகவே. இப்போது அதைப் பிரித்துப் பார்க்கலாம். ‘ஈர்ப்பு விசை’ என்று மட்டும் எழுதியிருந்தால், அல்லது அதனுடன் காற்றின் தடையையும் சேர்த்திருந்தால், சரி. கையின் விசையையும் எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. பாரிஸ் பேராசிரியர் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

அந்த ஏழாம் வகுப்பில் மணி அடிப்பதற்குச் சற்று முன், பின் வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்தாள். மேலே போகும்போது ஈர்ப்பு மட்டும் என்றால், உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மீது விசை ஏதும் இல்லைதானே என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை, வகுப்பைப் பார்த்தேன். விசை பந்துக்குள்ளே தீர்ந்துபோகும் என்று சொன்ன அதே சிறுவன் சிறிது நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

“விசை இல்லாமற் போனால் பந்து அங்கேயே நின்றுவிடுமே, சார். கீழே வராதே.”